கதவிடுக்கில் சீழ்க்கையடிக்கும் காற்று

வாகனம் எழுப்பும் எல்லாச் சத்தங்களுக்கும் நாம் ஒரே மரியாதை கொடுப்பதில்லை. எஞ்சினில் ஒரு தட்டல் கேட்டால் அன்றே கராஜுக்கு ஓடுகிறோம். பிரேக் கிறீச்சிட்டால் மறுநாள் காலையிலேனும் கொண்டுபோய்க் காட்டிவிடுகிறோம். ஆனால் கதவோரத்திலிருந்து மெல்லிய சீழ்க்கை ஒன்று எழுந்து, வேகம் கூடக்கூட அதுவும் கூடி, காதுக்குள் ஊசி போல் இறங்கும்போது என்ன செய்கிறோம்? வானொலியின் ஒலியைச் சற்றே கூட்டிவிடுகிறோம். காற்றுத்தானே, அது எதையும் உடைத்துவிடாது என்பது நமது சமாதானம்.

சமதரையில் இந்தச் சமாதானம் ஓரளவு செல்லுபடியாகலாம். மலையகத்தில் செல்லாது. ஹற்றனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கோ, நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கோ போய்வந்தவர்கள் அந்தப் பாதைகளின் இயல்பை அறிவார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் முழங்கை போல் மடங்கும் வளைவுகள். எதிரே வரும் பஸ்ஸைக் கண் காண்பதற்கு முன் காதுதான் காண்கிறது. மூடுபனி இறங்கிவிட்டால் கண்ணின் உதவி இன்னும் குறைந்துபோகிறது. வளைவுக்கு அப்பால் ஒலிக்கும் ஹோர்ன் சத்தமே அங்கு சாரதியின் இரண்டாவது பார்வை. காற்றின் இரைச்சலும், அதை அமுக்குவதற்காகக் கூட்டப்பட்ட வானொலியும் சேர்ந்து அந்தப் பார்வையைத்தான் மறைக்கின்றன. எனவே கார்க் கதவின் சீழ்க்கையைப் பற்றி ஒரு முழுப் பதிவு எழுதுவதற்காக நான் வாசகர்களிடம் மன்னிப்புக் கோரப்போவதில்லை.

முதலில், இந்தச் சத்தம் இப்போது நம்மிடையே பெருகியிருப்பதன் காரணத்தைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாட்டிலிருந்த வாகனங்களையே நாம் கைமாற்றி, வர்ணம் பூசி, ஓட்டிக்கொண்டிருந்தோம். திறந்த பின்னரும் வரியும் விலையும் சேர்ந்து புதிய வாகனத்தைச் சாதாரண ஆசிரியருக்கோ சிறு வியாபாரிக்கோ எட்டாத உயரத்தில் வைத்திருக்கின்றன. இது நமக்குப் புதிய அனுபவமும் இல்லை. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிகள் இறுக்கப்பட்டிருந்த காலத்தில் மொரிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் இந்தத் தீவின் வீதிகளில் வயதைத் துறந்து ஓடின. யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் ஏ40 கார்கள் போர்க்காலப் பெற்றோல் தடையையும் மண்ணெண்ணெயின் துணையோடு கடந்து வந்தன. பழைய வாகனத்தோடு வாழத் தெரிந்த சமூகம் நாம்.

ஆனால் உலோகத்தைக் காப்பாற்றத் தெரிந்த அளவுக்கு இறப்பரைக் காப்பாற்ற நமக்குத் தெரியவில்லை. கதவைச் சுற்றி ஓடும் இறப்பர் விளிம்பை நமது கராஜ்களில் ‘பீடிங்’ என்பார்கள். உள்ளே பஞ்சு போன்ற துளைகள் கொண்ட அந்த இறப்பர், கதவு மூடும்போது நசுங்கி, திறக்கும்போது மீண்டெழ வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் நசுங்கிக் கிடந்தபின் அது மீண்டெழ மறந்துவிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் பகல் வெயிலின் புற ஊதாக் கதிரும் கூடுதல், இரவுக் குளிரும் கூடுதல். இரண்டும் இறப்பருக்கு ஆகாதவை. பாதைகளின் குலுக்கல் வேறு கதவுகளைத் தளர்த்துகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையும் மண்சரிவுகளும் மலையகப் பாதைகளைச் சிதைத்துவிட்டுப் போனதை நாம் அனைவரும் கண்டோம்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. மலையகத்து வாகனத்தின் காற்றுச் சத்தம் பெரும்பாலும் மலையகத்தில் கண்டுபிடிக்கப்படுவதில்லை. ஏற்ற இறக்கங்களில் மணிக்கு 30, 40 கிலோமீற்றர் வேகத்தில் ஊரும் காரில் எஞ்சினின் முனகல்தான் மேலோங்கிக் கேட்கும். அதே கார் கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக அவிசாவளைக்கு இறங்கி, கடுவலையில் அதிவேகப் பாதையில் ஏறி, 100 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டதும் அலறத் தொடங்குகிறது. தெற்கு அதிவேகப் பாதை 2011இல் திறக்கப்படும்வரை நமது வாகனங்களுக்கு இந்தப் பரீட்சையே இருக்கவில்லை எனலாம்.

காரணம் எளிய பௌதிகம். வாகனத்தின் மேற்பரப்பில் மோதிச் சுழலும் காற்று எழுப்பும் ஒலியின் ஆற்றல், வேகத்தின் ஏறத்தாழ ஆறாம் அடுக்கில் வளர்கிறது. வேகம் இரட்டித்தால் ஒலியாற்றல் இரட்டிப்பதில்லை, 64 மடங்காகிறது. டெசிபெல் கணக்கில் அது 18. 50 கிலோமீற்றரில் கேட்கவே கேட்காத ஒரு பொத்தல் 100 கிலோமீற்றரில் பேச்சை நிறுத்திவிடுகிறது என்றால் வியப்பில்லை. காற்று எழுப்பும் ஒலிக்கான கணிதக் கோட்பாட்டை ஜேம்ஸ் லைட்ஹில் என்ற ஆங்கிலேய அறிஞர் 1952இல் வெளியிட்டார். அவர் ஜெட் விமானங்களின் இரைச்சலை மனதில் கொண்டு தொடங்கிய அந்த ஆய்வின் வழித்தோன்றல்கள்தான் இன்று கார் நிறுவனங்களின் காற்றுச் சுரங்கங்களில் பயன்படுகின்றன.

அந்தச் சுரங்கங்களில் பெரும் பணம் செலவிடப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. வாகனத்தின் உள்ளமைதி விற்பனைப் பொருளாகி வெகுகாலமாயிற்று. மணிக்கு 60 மைல் வேகத்திலும் ரோல்ஸ் ரோய்ஸ் காருக்குள் மின்கடிகாரத்தின் சத்தமே பெரிதாகக் கேட்கும் என்ற பொருளில் டேவிட் ஓகில்வி 1958இல் எழுதிய விளம்பரம், விளம்பரத் துறையினர் இன்றும் மறவாத ஒன்று. இப்போது மின்சாரக் கார்களும் ஹைபிரிட் கார்களும் வந்துவிட்டன. எஞ்சின் மௌனமாகிவிட்டதால் அதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த காற்றுச் சத்தம் அம்பலத்துக்கு வந்துவிட்டது. ‘புதிய ஹைபிரிட் வாங்கினேன், பழைய காரைவிடச் சத்தம் அதிகம்’ என்று குறைப்படுவோரின் வாகனத்தில் பல வேளைகளில் கூடியது சத்தமன்று. குறைந்தது அதை மறைத்திருந்த எஞ்சின் ஒலி.

காற்றுச் சத்தத்தைத் தேடுவதற்கு முன் அதன் இனத்தை அறிவது அவசியம். பொதுவாக மூன்று இனங்கள்.

முதலாவது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பொருள்களால் வருவது. பக்கக் கண்ணாடி, கூரைமேல் பொருத்திய கம்பிச் சட்டம், மழைக்காக ஜன்னலுக்குமேல் ஒட்டும் வைசர், வானொலி அன்ரெனா ஆகியன இதில் அடங்கும். மெல்லிய கம்பியைக் கடந்து காற்று செல்லும்போது அதன் பின்னால் சிறு சுழல்கள் மாறிமாறிக் கழன்று போகின்றன. அவற்றின் தாளமே சீழ்க்கையாகக் கேட்கிறது. 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள அன்ரெனா 100 கிலோமீற்றர் வேகத்தில் எழுப்பும் சுருதி நொடிக்கு ஏறத்தாழ 1,100 அதிர்வுகள். மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் பகுதியில் அது விழுகிறது. சில அன்ரெனாக்களில் கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருப்பதை வாசகர்கள் கண்டிருக்கலாம். அது அழகுக்காகச் செய்ததன்று. சுழல்கள் ஒரே தாளத்தில் கழலாதபடி கலைப்பதற்கான உபாயம் அது.

இரண்டாவது, கசிவால் வருவது. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வெளிக்காற்று உள்ளே புகுவதால்தான் சத்தம் வருகிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் பல வேளைகளில் உள்ளிருக்கும் காற்றே வெளியே இழுக்கப்படுகிறது. முன்கண்ணாடியின் ஓரத் தூணைச் சுற்றி விரைந்து ஓடும் காற்று, பக்க ஜன்னலின் வெளியே அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. உள்ளே அழுத்தம் கூடுதல், வெளியே குறைவு. கதவின் மேற்சட்டம் மயிரிழையளவு வெளிப்புறமாக இழுபடுகிறது. தளர்ந்த பீடிங் அந்த இடைவெளியை நிரப்ப முடியாமல் கைவிட, அதனூடாகக் காற்று சீறிக்கொண்டு வெளியேறுகிறது. நிறுத்திவைத்த காரில் எவ்வளவு பார்த்தாலும் ஓட்டை தெரியாமல், ஓடும்போது மட்டும் சத்தம் கேட்பதன் இரகசியம் இதுதான்.

மூன்றாவது, குழிவுகளால் வருவது. ஒரு பின் ஜன்னலை மட்டும் திறந்து ஓட்டும்போது காதை அமுக்கி அமுக்கி விடும் ‘தும் தும்’ என்ற அதிர்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வெறும் சோடாப் போத்தலின் வாயில் ஊதுவதும் இதுவும் ஒன்றே. போத்தலுக்குப் பதிலாகக் கார். எதிர்ப்புற ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டால் போதும், அடங்கிவிடும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இனி, தேடுதலுக்கு வருவோம். முதலில் அது காற்றுத்தானா என்று உறுதிப்படுத்த வேண்டும். பாதையின் தரை மாறும்போது மாறும் சத்தம் டயருக்குரியது. வளைவில் திரும்பும்போது கூடிக் குறையும் உறுமல் பெரும்பாலும் சில்லுப் பெயாரிங்குக்குரியது. அதை ஒத்திப்போடக் கூடாது. ஒரே வேகத்தில் போகும்போது காற்றின் திசைக்கேற்ப மாறுவதுதான் காற்றுச் சத்தம்.

இந்த ஒரு விடயத்தில் மலையகம் நமக்கு இயற்கையான பரிசோதனைக்கூடம். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் எத்துணை வலியது என்பதை ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் காரை 40 கிலோமீற்றர் வேகக் காற்று எதிர்கொண்டால், காரைப் பொறுத்தமட்டில் அது 80. வளைந்து வளைந்து ஏறும் பாதை, காரின் முகத்தைக் காற்றுக்கு எதிராகவும் குறுக்காகவும் மாறிமாறித் திருப்புகிறது. எந்த வளைவுக்குப் பின் சீழ்க்கை எழுகிறது, எதில் அடங்குகிறது என்று கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒன்றை நினைவிற்கொள்க: குறுக்குக் காற்று இடப்புறமிருந்து வீசினால், வலப்புறக் கதவில்தான் உறிஞ்சல் கூடும். காற்றடிக்கும் பக்கத்தைவிடக் காற்றுக்கு மறைவான பக்கமே அதிகம் சத்தமிடுவதுண்டு.

கவனிப்பவர் சாரதியாக இருக்கலாகாது. ஒருவர் பாதையைப் பார்த்து ஓட்டட்டும், இன்னொருவர் அருகிலிருந்து கேட்கட்டும். மூடிய காருக்குள் ஒலி கண்ணாடியிலும் கூரையிலும் பட்டுத் திரும்புவதால், காது காட்டும் திசையை முழுமையாக நம்ப முடியாது. முன் தூணில் பிறந்த சத்தம் தலைக்குப் பின்னால் கேட்பது சாதாரணம்.

அடுத்த கருவி, வர்ணம் பூசுவோர் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப் என்ற காகித ஒட்டுநாடா. ஒரு சுருள் போதும். சந்தேகப்படும் பக்கத்தில் கதவின் இடைவெளிகள், ஜன்னல் விளிம்பு, பக்கக் கண்ணாடியின் அடிப்பாகம், முன்கண்ணாடியின் ஓரம் எல்லாவற்றையும் வெளிப்புறமாக ஒட்டி மூடி, பொருத்தமான பாதையில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி அந்த நாடாவின் கீழ்தான் இருக்கிறான். பிறகு ஒவ்வொரு துண்டாக அகற்றி, ஒவ்வொரு முறையும் அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்தத் துண்டை எடுத்ததும் சீழ்க்கை திரும்புகிறதோ அங்கே ஓட்டை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் உரித்துவிடுகிறவர் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்.

நிறுத்திய வாகனத்திலும் செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. கதவிடுக்கில் ஒரு நாணயத்தாளை வைத்து மூடி மெல்ல இழுத்தால், நல்ல பீடிங் அதைப் பிடித்துக்கொள்ளும், தளர்ந்தது விட்டுவிடும். சுற்றிவர ஒவ்வோர் அங்குலமாக இதைச் செய்யலாம். பீடிங்கில் சோக்கட்டித் தூளைப் பூசிக் கதவை மூடித் திறந்தால், கதவின் உலோகத்தில் கோடு விழாத இடமே இறப்பர் தொடாத இடம். காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, ஜன்னல்களை மூடி, உள்விசிறியை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் முழு வேகத்தில் ஓடவிட்டு, கதவோரமாக ஊதுபத்தியைக் கொண்டுபோனால், புகை எங்கே வெளிப்புறம் தள்ளப்படுகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

கண்டுபிடித்தபின் பரிகாரம் பெரும்பாலும் சிறியது. பீடிங்கைத் துடைத்துச் சிலிக்கன் கிறீஸ் தடவினால், உலர்ந்த இறப்பர் ஓரளவு உயிர்பெறும். கதவு பூட்டிக்கொள்ளும் தூணிலுள்ள ஸ்ட்ரைக்கர் கொக்கியை ஒரு மில்லிமீற்றர் உள்ளே நகர்த்தினால், கதவு இறுக அமரும். அடிக்கடி திறக்கப்படுவது சாரதியின் கதவு. அதன் பிணைச்சல் தேய்ந்து கதவு தொங்கியிருந்தால், பிணைச்சலைச் சரிசெய்யாமல் பீடிங்கை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. ஜன்னல் ஏறியிறங்கும் சட்டத்தின் வெல்வெட் விளிம்பு தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். முன்கண்ணாடியை மாற்றியபின் தொடங்கிய சத்தமாயின், பசை முழுச் சுற்றிலும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழு பீடிங் மாற்றம் இந்த வரிசையில் கடைசிக்குச் சற்று முன்னர்தான் வர வேண்டும்.

நடைமுறையில் அதுதான் முதலில் வருகிறது. அதைவிட மோசமானது, கண்ட இடமெல்லாம் சிலிக்கன் பசையைப் பிதுக்கிவிடும் வழக்கம். கதவின் அடியில் சிறு துளைகள் இருக்கும். ஜன்னல் வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வடிவதற்கானவை அவை. சத்தத்தை அடைக்கப் போய் அவற்றையும் அடைத்துவிட்டால், வட்டவளை போன்ற, நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றில், அந்தக் கதவு உள்ளிருந்தே துருப்பிடித்துப் போகும். பின்புறத்தில் பம்பருக்கு உட்பக்கமாக, உட்காற்று வெளியேறும் மடிப்புகள் உள்ளன. அவற்றை அடைத்தால் கதவு சாத்த முரண்டு பிடிக்கும். குளிரில் கண்ணாடி முழுவதும் ஆவி படியும். நுவரெலியாப் பனியில் ஆவி படிந்த கண்ணாடியோடு வளைவு எடுப்பதைவிடச் சீழ்க்கையோடு போவது மேல்.

காற்றுச் சத்தம் சொல்லும் வேறு செய்திகளும் உண்டு. காற்று போகும் வழியில் நீரும் போகும். தரைவிரிப்பின் கீழ் தேங்கும் ஈரம் தகட்டை அரிக்கும், மின்கம்பி இணைப்புகளைக் கெடுக்கும். கைமாறிய வாகனம் ஒன்றை வாங்கப் பார்க்கும்போது ஒரு கதவு மட்டும் சீழ்க்கையடித்தால், அந்தக் கதவோ அதன் தூணோ ஒரு விபத்தில் நெளிந்து டிங்கர் வேலை பார்க்கப்பட்டதா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. வர்ணம் பொய் சொல்லும். இடைவெளியின் அளவும் காற்றும் அவ்வளவு இலகுவில் பொய் சொல்லமாட்டா. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு ஒரு பழைய காருக்குள் போய்விடும் நாட்டில், இது சிறிய விடயமன்று.

எல்லாவற்றிலும் பாரதூரமானது வேன்களின் பின்கதவு. ஓடும் வாகனத்தின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. புகைக்குழாயின் புகை அந்தச் சுழலில் அகப்பட்டு, பின்கதவின் பீடிங் பழுதாயிருந்தால் உள்ளே இழுக்கப்படலாம். அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பாடசாலைப் பிள்ளைகளை நெருக்கி ஏற்றிக்கொண்டு, மழைக்காக எல்லா ஜன்னல்களையும் மூடிக்கொண்டு ஏறும் வேன் ஒன்றில், பின்வரிசைப் பிள்ளைக்கு வரும் தலைவலியையும் வாந்தியையும் ‘வளைவு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தள்ளிவிடுகிறோம். வளைவாகவே இருக்கலாம். ஆனால் பின்கதவில் காற்று இரையும் வேனில், அது வளைவுதான் என்று பார்க்காமலே முடிவு செய்யும் உரிமை யாருக்கும் இல்லை.

இவ்வளவு தெரிந்திருந்தும் நமது கராஜ்களில் இந்தத் தேடுதல் ஏன் நடப்பதில்லை? அறிவில்லாமலா? அப்படி நான் நினைக்கவில்லை. தலவாக்கலைப் பக்கம் எனக்குத் தெரிந்த பாஸ் ஒருவர் இருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுங்காலம் ஃபிட்டராக இருந்தவர். கொழுந்து வாட்டும் நீண்ட தொட்டிகளின் விசிறிக் குழாயில் எங்கே காற்று ஒழுகுகிறது என்பதைப் புறங்கையை ஓட்டியே கண்டுபிடித்த மனிதர். ரோலரின் பெயாரிங்கில் நீண்ட ஸ்குறூ டிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, நோய் எதுவென்று சொன்னவர். அவரிடம் இதே கேள்வியைக் கேட்டேன்.

“சேர், நாலு கதவுக்கும் ரப்பர் மாத்தினா கேட்ட காசக் குடுத்துட்டுப் போறாங்க. ஒரு மணித்தியாலம் தேடி, ஒரு போல்ட்டத் திருகிக் குடுத்தா, ‘இதுக்கா காசு?’ன்னு கேக்குறாங்க. நான் என்ன செய்யிறது?”

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது முழுவதும் அவருடைய அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நாம் பொருளுக்குப் பணம் கொடுக்கிறோம். கைவேலைக்கும் ஓரளவு கொடுக்கிறோம். கண்டுபிடித்ததற்குக் கொடுப்பதில்லை. பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த பீடிங் தொகுதியைக் கையில் தூக்கிக் காட்ட முடியும். ஒரு மணித்தியாலக் கவனத்தைத் தூக்கிக் காட்ட முடியாது. காட்ட முடியாததற்கு விலையில்லை என்று வாடிக்கையாளர்கள் தீர்மானித்துவிட்டபின், தேடத் தெரிந்தவரும் தேடுவதை விட்டுவிட்டு இறப்பரை விற்கத் தொடங்குகிறார். அவருடைய மாணவன் இறப்பர் விற்பதை மட்டுமே கற்றுக்கொள்கிறான். ஒரு தலைமுறையில் ஒரு திறமை இப்படித்தான் சத்தமில்லாமல் அழிகிறது. இழப்பு கராஜ்காரருக்கு மட்டுமன்று. நான்கு கதவுக்கும் பணம் கொடுத்தவர் அதே சீழ்க்கையோடு வீடு திரும்புகிறார். ஓட்டை பக்கக் கண்ணாடியின் அடியில் இருந்திருக்கிறது.

இது வசதி படைத்தவர்களின் குறை என்று சிலர் சொல்லக்கூடும். பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் தோட்டத்து இளைஞனுக்கும், மழையில் திரைச்சீலையை இழுத்துவிட்ட முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய்க்கும் கதவிடுக்குச் சீழ்க்கை ஒரு பொருட்டா என்று அவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மலையகத்தில் தனியார் வாகனம் என்பது பெரிதும் பிழைப்புக்கான வாகனம். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகளை ஊருக்குக் கொண்டுவருவது வாடகை வேன். நள்ளிரவில் நோயாளியைக் கண்டிக்கு ஏற்றிச் செல்வது அயல்வீட்டுக்காரரின் பழைய கார். அந்த வாகனத்தின் சாரதி ஒரே இரவில் போய்த் திரும்புகிறவர். தொடர்ந்த இரைச்சல் மனிதனைக் களைக்கச் செய்யும். களைத்த சாரதியின் பின்னால் இருப்பவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர்.

ஆகவே எனது யோசனை சிறியது. அடுத்த முறை வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டுசெல்லும்போது, ‘பீடிங்கை மாற்றிக் கொடுங்கள்’ என்று சொல்லாதீர்கள். ‘இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள், அதற்கான கூலியைத் தனியாகத் தருகிறேன்’ என்று சொல்லுங்கள். எந்த வேகத்தில், எந்தப் பக்கத்திலிருந்து காற்றடிக்கும்போது, எந்த ஜன்னல் மூடியிருக்கையில் அது கேட்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரு போல்ட்டைத் திருகியதோடு வேலை முடிந்துவிட்டால், முகம் சுளிக்காமல் பேசிய கூலியைக் கொடுங்கள். கராஜ் நடத்துவோரும் தமது கட்டணப் பலகையில், எண்ணெய் மாற்றுவதற்கும் டயர் கழற்றுவதற்கும் மேலே, பழுது தேடும் கட்டணம் என்று ஒரு வரியைத் துணிந்து எழுதட்டும்.

பாடசாலை வேன்களுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு இன்னொரு வேண்டுகோள். மாதக் கட்டணத்தைப் பற்றிப் பேசும் நாளில் பின்கதவின் பீடிங்கையும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். கிழிந்திருந்தால் சாரதி அண்ணனிடம் சொல்லுங்கள். அவரால் தனியே முடியாவிட்டால், பெற்றோர் நான்கைந்து பேர் சேர்ந்தேனும் அதை மாற்றிக் கொடுங்கள்.